அந்த நான்கு எங்கிருந்து வந்தது?

யாழ்ப்பாணத்தில் தாதியப் பயிற்சி பெறும் மாணவி ஒருவர் அண்மையில் இப்படிக் கேட்டார்: "குழந்தைக்குச் செறிந்த செங்குழியம் ஏற்றும்போது, உடல் நிறையை உயர்த்த வேண்டிய ஈமோகுளோபின் அளவால் பெருக்கி, பின்னர் நான்கால் பெருக்கச் சொல்கிறார்கள், முழுக்குருதி என்றால் ஆறால். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?"

பரீட்சைக்காக மனனம் செய்த எண் இரவுக் கடமையின் களைப்பில் மாறிப்போகக்கூடும் என்பதால், இதை விளக்காமல் சூத்திரத்தை மட்டும் கொடுப்பது தவறு என்றே நான் கருதுகிறேன்.

சிறுவர் உடலில் ஒவ்வொரு கிலோகிராம் நிறைக்கும் ஏறத்தாழ 80 மில்லிலீற்றர் குருதி உண்டு. ஈமோகுளோபினை 100 மில்லிலீற்றருக்கு ஒரு கிராம் உயர்த்த வேண்டுமானால், அந்த 80 மில்லிலீற்றருக்கு 0.8 கிராம் ஈமோகுளோபின் வெளியிலிருந்து வந்து சேர வேண்டும். குருதி வங்கி தரும் செறிந்த செங்குழியத்தில் குருதியின் திரவப் பகுதியான திரவவிழையத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டிருப்பதால், அதன் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 0.2 கிராம் ஈமோகுளோபின் இருக்கிறது. 0.8 ஐ 0.2 ஆல் வகுத்தால் நான்கு. முழுக்குருதியில் அதே ஒரு மில்லிலீற்றரில் 0.13 கிராம் அளவே இருப்பதால், விடை ஆறை ஒட்டி வருகிறது. எத்தனை அழகான கணக்கு! பையிலுள்ள செறிவு சற்று மாறினால் எண்ணும் மாறும் என்பதாலேயே, சில நூல்கள் நான்குக்குப் பதிலாக மூன்று அல்லது ஐந்து என்று எழுதுகின்றன.

12 கிலோகிராம் நிறையுள்ள குழந்தையின் ஈமோகுளோபினை 5 இலிருந்து 8 ஆக உயர்த்த, 12 × 3 × 4 = 144 மில்லிலீற்றர் வேண்டும். மருத்துவர் மணிக்கு ஒரு கிலோகிராமுக்கு 5 மில்லிலீற்றர் வீதம் ஏற்றச் சொன்னால், அது மணிக்கு 60 மில்லிலீற்றர். ஏறத்தாழ 2 மணி 24 நிமிடத்தில் முடியும். அறை வெப்பத்தில் பற்றீரியா பெருகக்கூடும் என்பதால், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த நான்கு மணித்தியாலத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, ஒவ்வாமைக் குறிகள் தோன்றுகின்றனவா என்று கட்டிலருகில் நின்றே கவனிக்க வேண்டும்.

சிறுவருக்குக் குருதியைச் சீராகச் செலுத்தும் பம்பி இருப்பதே நல்லது. அது இல்லாதபோது துளிகளை எண்ணுகிறோம். குழாயின் நுனியில் தொங்கும் துளியைப் பரப்பிழுவை பிடித்து வைத்திருக்கிறது. நிறை அதை மீறியதும் துளி விழுகிறது. நுனியின் அகலமே துளியின் பருமனைப் பெரிதும் தீர்மானிப்பதால், ஒரு மில்லிலீற்றருக்கு எத்தனை துளி என்பதைக் குருதி ஏற்றும் குழாய்த் தொகுதியான செற்றின் உறையில் அச்சிட்டிருப்பார்கள். மணிக்கு 60 மில்லிலீற்றர் என்பது நிமிடத்துக்கு ஒரு மில்லிலீற்றர். ஆகவே உறையில் 20 என்றிருந்தால் மூன்று விநாடிக்கு ஒரு துளியும், 15 என்றிருந்தால் நான்கு விநாடிக்கு ஒரு துளியும் விழ வேண்டும். குழந்தை கையை மடக்கினாலே அந்த இடைவெளி நீண்டுவிடும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்து எண்ணியதை மீண்டும் மீண்டும் எண்ண வேண்டியிருக்கும்.