மரத்தில் சூட்டால் வரைதல்: ஒரு கோட்டுக்குள் என்ன நடக்கிறது?

மரத்தில் நான் முதன்முதலாகச் சூட்டால் வரைந்தது ஒரு மயிலிறகு. பேக்கிங் பெட்டியிலிருந்து கழற்றிய பைன் பலகை, ஈயம் பற்றவைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன், பென்சிலால் போட்டுவைத்த படம், அவ்வளவுதான். கையை ஒரே வேகத்தில்தான் இழுத்தேன். ஆனாலும் கோடு ஓரிடத்தில் கருத்து ஆழமாக இறங்கியது, அடுத்த மில்லிமீட்டரில் வெளிறியது, மறுபடி கருத்தது. கோடு போட்ட இடத்தில் புள்ளிகள் வரிசையாக நின்றன. கை நடுங்குகிறது போலும் என்று பல நாள் கையைத்தான் பழக்கினேன். கோளாறு கையில் இல்லை, பலகையில் இருந்தது. அது புரிந்த பிறகுதான் இந்தக் கலை பிடிபடத் தொடங்கியது.

இதன் பெயர் பைரோகிராஃபி. நெருப்பு, எழுத்து என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது. பெயரில் நெருப்பு இருந்தாலும், ஒழுங்காகச் செய்தால் பலகையில் தீயே வராது. மரம் பற்றி எரிவதற்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. சூட்டில் அதன் மூலக்கூறுகள் உடைந்து, ஒரு பகுதி ஆவியாகவும் புகையாகவும் வெளியேறி, கரி மிஞ்சும். இதை வெப்பச்சிதைவு என்கிறார்கள். நம் வேலை முழுவதும் அந்தக் கட்டத்துக்குள்தான்.

உலர்ந்த மரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள் இருக்கும். மீதியில் பெரும்பகுதி அதற்கு உறவான ஹெமிசெல்லுலோஸும், நாரைப் பிணைத்துவைக்கும் லிக்னினும். மூன்றும் ஒரே சூட்டில் உடைவதில்லை. ஹெமிசெல்லுலோஸ் ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸிலேயே உடையத் தொடங்கும். இளம் பழுப்பு நிறம் வருவது இந்த அளவில்தான். செல்லுலோஸ் 315 டிகிரி வரை தாக்குப்பிடித்து, 400க்குள் வேகமாகச் சிதைந்துவிடும். லிக்னின் 160 டிகிரியில் தொடங்கி மிக உயர்ந்த வெப்பம் வரை மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். கரியில் அதிகம் மிஞ்சுவதும் அதுதான். பழுப்பு முதல் கறுப்பு வரை பலகையில் தெரியும் ஒவ்வொரு நிறமும், இவற்றில் எது எவ்வளவு சிதைந்தது என்பதன் அடையாளம். வெல்லப்பாகை அடுப்பில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவில் இருப்பது சூடும் சில நொடிகளும்தான்.

அந்த நொடிகள் முக்கியம். கருவியின் நுனி 350 டிகிரியில் இருந்தாலும், தொட்டவுடன் மரமும் 350 ஆகிவிடாது. மரம் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். பித்தளை அதைவிடப் பல நூறு மடங்கு வேகமாகக் கடத்தும். தோசைத் திருப்பிக்கு மரப்பிடி போடுவது இதனால்தான். மயிரிழை மாதிரிக் கோடு வரைய முடிவதும் இதனால்தான், சூடு பக்கவாட்டில் பரவாமல் தொட்ட இடத்திலேயே நிற்கும். இன்னொன்று ஈரம். நன்றாக உலர்ந்ததாகத் தோன்றும் பலகையிலும் எடையில் பத்து சதவீதம்போல நீர் இருக்கும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2,260 ஜூல் வேண்டும். அந்த நீர் போகும்வரை மரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டத் தயங்கும். மழைக்காலத்தில் நுனி பட்டதும் உஸ்ஸென்று சத்தம் வந்து கோடு மங்கினால், குறை கருவியில் இல்லை.

சரி, என் மயிலிறகுக்கு வருவோம். பைன் குளிர்நாட்டு மரம். வசந்தத்தில் வேகமாக வளரும்போது உருவாகும் உயிரணுக்களின் சுவர் மெல்லியது. பருவத்தின் பிற்பகுதியில் உருவாவது தடித்தது. நாம் பலகையில் பார்க்கும் வரிகள் இந்த இரண்டின் மாறிமாறி அடுக்கு. மென்மையான வரியைச் சூடாக்கக் கொஞ்சம் வெப்பம் போதும், நுனி உள்ளே இறங்கிவிடும். அடர்த்தியான வரிக்கு அதே சூடு பற்றாது. சீராக நகரும் கை புள்ளிகளைப் போடுவது இப்படித்தான். ஆகவே தொடங்குபவர்களுக்குப் பைன் நல்ல ஆசிரியர் அல்ல. வெளிர் நிறமும் நெருக்கமான, சீரான நாரும் உள்ள மரம் வேண்டும். நம் பக்கத்தில் குமிழ் மரம் நன்றாகச் சரிப்படும். வெப்பாலையும் அப்படியே, கர்நாடகத்தின் சென்னபட்டணம் பொம்மைகளைக் கடைவது அந்த மரத்தில்தான். தேக்கை ஆசையாக எடுக்க வேண்டாம். அதன் நிறமே அடர்ந்தது, எண்ணெய்ப்பசையும் உண்டு, கோடு எடுபடாது. தச்சுப் பட்டறையில் கேட்டால் துண்டுப் பலகைகள் கிடைக்கும். 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, லேசாக ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எழும்பிய நாரை மறுபடி தேய்த்துவிடுங்கள்.

கருவியில் இரண்டு வகை. ஒன்று சால்டரிங் அயர்ன் போன்றது, தடித்த உலோக நுனி. மற்றொன்று மெல்லிய நிக்ரோம் கம்பியையே நுனியாக வளைத்து, அதன் வழியே மின்சாரம் செலுத்துவது. நிக்ரோம் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். ஹீட்டர் சுருளில் இருப்பது. சூடானால் மேலே குரோமியம் ஆக்சைடு படலம் படிந்து உள்ளே அரிக்காமல் காக்கும். கம்பிக்குச் சில வோல்ட்தான் தருகிறோம், ஆனால் ஆம்பியர் அதிகம். தடித்த நுனி சூட்டைச் சேமித்துவைத்துக்கொள்ளும், மெதுவாக மாறும். கம்பி நுனி சில நொடிகளில் சூடாகிச் சில நொடிகளில் ஆறும். தொடக்கத்துக்கு முதல் வகையே போதும். ஏற்கெனவே ஈயம் பற்றவைத்த நுனியை மட்டும் பயன்படுத்தாதீர்கள், புதிய நுனி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லோரையும் வாட்டும் ஒரு குறை உண்டு. கோடு தொடங்கும் இடத்தில் குண்டாக ஒரு கரும்புள்ளி விழும். நுனி காற்றில் சும்மா இருக்கும்போது சூடு ஏறிக்கொண்டே போகிறது, ஏனென்றால் காற்று அதிகம் வாங்கிக்கொள்வதில்லை. மரத்தைத் தொட்டதும் சேர்ந்திருந்தது மொத்தமும் ஒரே இடத்தில் கொட்டுகிறது. கை நகரத் தொடங்கிய பிறகுதான் வரும் வெப்பமும் போகும் வெப்பமும் சமன்படும். எனவே விமானம் தரையிறங்குவது போல, கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே நுனி மரத்தைத் தொட வேண்டும்; முடிக்கும்போதும் நகர்ந்தபடியே எழ வேண்டும். தொடுவதற்கு முன் நுனியை ஒருமுறை ஊதிவிடுவதும் உதவும். கோடு வெளிறினால் அழுத்தத் தோன்றும். அழுத்தக் கூடாது. அழுத்தம் நிறத்தைக் கூட்டாது, பள்ளத்தைத்தான் கூட்டும். வேகத்தைக் குறையுங்கள், போதும். கறுப்பை ஒரே தடவையில் எடுக்காமல் பழுப்பின்மேல் பழுப்பாக இரண்டு மூன்று முறை போனால் நிழல் மிக அழகாக வரும். நுனியில் கரி படிந்தால் சூடு மரத்துக்குச் சரியாகப் போகாது, அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.

புல்லாங்குழல் செய்பவர்கள் மூங்கிலில் துளையிடப் பழுக்கக் காய்ச்சிய கம்பியைப் பயன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். துளைப்பான் நார்வாக்கில் மூங்கிலைப் பிளந்துவிடக்கூடும். சூடு நாரைக் கரியாக்கியே வழி திறக்கும். அந்த வேலைக்குப் பழுத்த கம்பி வேண்டும். ஓவியத்துக்கு வேண்டாம். நுனி சிவந்து ஒளிர்கிறது என்றால் 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

புகையை அலட்சியம் செய்யாதீர்கள். விறகடுப்புப் புகையில் இருக்கும் நுண்துகள்தான் இதிலும் வருகிறது, அதுவும் நம் முகம் குனிந்திருக்கும் இடத்தில். சின்ன மின்விசிறியை ஊதும்படி வைக்காமல், முகத்திலிருந்து புகையை வெளியே இழுக்கும்படி வையுங்கள். நேராகக் காற்று அடித்தால் நுனி ஆறிவிடும். மரநாரைப் பசை சேர்த்து அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையைச் சூடாக்காதீர்கள், அதன் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வரும். வார்னிஷ், பெயின்ட் அடித்த பலகையும் வேண்டாம். சரக்குப் பெட்டிப் பலகையில் MB என்ற ஆங்கில எழுத்துகள் முத்திரையாக இருந்தால் மீதைல் புரோமைடு என்ற பூச்சிகொல்லி வாயு செலுத்தியது, விலக்குங்கள். HT என்றால் வெறும் சூட்டால் பதப்படுத்தியது.

மரத்தில் மின்னல் கிளைகள் போல வடிவம் எழும் காணொளிகளும் உங்கள் கண்ணில் படும். மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியைக் கழற்றி, ஈரமாக்கிய பலகையில் ஏறக்குறைய 2,000 வோல்ட்டைப் பாய்ச்சுகிறார்கள். அதைச் செய்து பார்த்துப் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதைத் தடைசெய்திருக்கிறது. தயவுசெய்து முயற்சிக்காதீர்கள்.

வரைந்து முடித்ததும் படத்தை எங்கே மாட்டுவது என்பதிலும் இதே வேதியியல் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் லிக்னினை உடைக்கும். சுற்றியுள்ள மரம் மெல்ல மஞ்சளித்துக் கருக்கும். ஆழக் கருகிய கரி அசையாது. மங்குவது இளம் பழுப்பு நிழல்கள்தான். என் இரண்டாவது மயிலிறகைக் குமிழ்ப் பலகையில் வரைந்து, புற ஊதாவைத் தடுக்கும் தெளிவான வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்து, ஜன்னல் வெளிச்சம் நேராகப் படாத சுவரில் மாட்டியிருக்கிறேன். கண்ணைச் சுற்றியுள்ள மெல்லிய பழுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.