புள்ளி மேல் புள்ளி வைத்தால் அலை வருவது ஏன்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கல்லூரி மாணவி. டேப்லெட்டில் ஜப்பானிய மங்கா பாணியில் காமிக்ஸ் வரைகிறார். பள்ளி ஆண்டு விழாவில் நடக்கும் மாறுவேடப் போட்டியை வைத்து எட்டுப் பக்கக் கதை ஒன்றை முடித்திருக்கிறார். எல்லாம் கறுப்பு வெள்ளை, நிழலுக்கெல்லாம் ஸ்கிரீன்டோன் என்ற புள்ளி நிரப்பு. "டேப்லெட்டில் நன்றாக இருக்கிறது. தோழியின் போனுக்கு அனுப்பினால் சாம்பல் நிறம் வருகிற இடமெல்லாம் கட்டம் கட்டமாக, வளையம் வளையமாக என்னவோ ஓடுகிறது. நான் போடாத கோடு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருந்தார்.

பக்கத்தையும் இணைத்திருந்தார். போனில் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்க அந்த வளையங்கள் விரிந்தன, இடம் மாறின, ஓர் அளவுக்கு மேல் காணாமலே போயின. எனக்கு இதைவிடப் பிடித்த இயற்பியல் காட்சி குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஸ்கிரீன்டோன். கறுப்பு வெள்ளை அச்சில் கறுப்பு மை ஒன்றுதான், சாம்பலுக்குத் தனி மை போடுவதில்லை. காகிதத்தில் ஓர் இடத்தில் மை பட்டிருக்கும், அல்லது பட்டிருக்காது. நடுவே எதுவும் இல்லை. அதனால் சாம்பல் வேண்டுமென்றால் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகளை வைத்துக் கண்ணை நம்பவைக்க வேண்டும். நம் ஊரில் எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் கோட்டோவியத்துக்கு லைன் பிளாக், புகைப்படத்துக்கு ஹாஃப்டோன் பிளாக் என்று செய்தார்களே, அந்த ஹாஃப்டோன் இதுதான். ஓவியத்தில் நிழல் போடுவதற்காக இந்தப் புள்ளிகளை அமெரிக்காவின் பெஞ்சமின் டே 1879-இல் ஒரு முறையாக்கினார். அப்புறம் புள்ளிகள் அச்சான, பின்புறம் பசை தடவிய மெல்லிய தாள்கள் கடைக்கு வந்தன. ஜப்பானில் மங்கா வரைகிறவர்கள் அதைப் படத்தின் மேல் ஒட்டி, கத்தியால் ஓரம் வெட்டி, தேய்த்துப் படியவைத்தார்கள். ஒளி விழும் இடத்தில் கத்தி நுனியால் புள்ளிகளைச் சுரண்டி எடுத்தார்கள். அந்த வேலை முழுக்க இப்போது மென்பொருளில் நடக்கிறது.

டோனுக்கு இரண்டு எண்கள் முக்கியம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை வரிசைப் புள்ளிகள் என்பது ஒன்று. பரப்பில் எத்தனை விழுக்காடு மை என்பது இன்னொன்று. மங்காவில் அதிகம் புழங்கும் 60 வரி, 10 விழுக்காடு டோனை எடுத்துக்கொள்வோம். இரண்டு புள்ளிகளின் நடுவுக்கு நடு 0.42 மில்லிமீட்டர். ஒவ்வொரு புள்ளியின் விட்டமும் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். உற்றுப் பார்த்தால் தெரியும், கதை படிக்கிற வேகத்தில் தெரியாது. விழுக்காட்டை ஏற்றினால் புள்ளி பருக்கும். 78.5-ஐத் தொடும்போது வட்டங்கள் நான்கு பக்கமும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் கறுப்பில் வெள்ளை ஓட்டைகள் வைத்த மாதிரிதான் தெரியும்.

புள்ளி வரிசைகள் பெரும்பாலும் 45 பாகை சாய்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு. நம் பார்வை நெட்டுக் கோட்டையும் கிடைக்கோட்டையும் கூர்மையாகப் பிடிக்கும், சாய்ந்த கோட்டில் கொஞ்சம் மந்தம். வரிசையைச் சாய்த்தால் புள்ளிகள் கண்ணில் படாமல் நழுவிவிடும், சாம்பல் மட்டும் நிற்கும்.

சரி, இப்போது வளையங்கள்.

கொசுவலைக்குள் படுத்திருக்கும்போது, வலை இரண்டாக மடிந்து தொங்குகிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். மரக்கட்டையை அறுத்தால் தெரியும் ரேகை மாதிரி பெரிய பெரிய நெளிவுகள் இருக்கும். வலையை லேசாக இழுத்தால் நெளிவு சரசரவென்று ஓடும். வலையின் கண்ணோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர், நெளிவோ கையகலம். அந்த நெளிவை யாரும் பின்னவில்லை. இரண்டு ஒழுங்குகள் சற்றே ஒத்துப்போகாததால் பிறந்த மூன்றாவது ஒழுங்கு அது. அதற்கு மொய்ரே என்று பெயர். பட்டுத்துணியில் அழுத்தி வரவழைக்கும் நீரலை வேலைப்பாட்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் இது.

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நடுவில் உள்ள இரண்டு தந்திகளும், சாரணியும் அனுசாரணியும், ஒரே ஷட்ஜத்தில் பேச வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தால் ஒலி எழுந்து எழுந்து அடங்கும். ஒரு தந்தி நொடிக்கு 200 முறையும் மற்றது 201 முறையும் அதிர்ந்தால், நொடிக்கு ஒருமுறை அந்த ஏற்ற இறக்கம் கேட்கும். பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் விம்மல்கள் என்று படித்தோமே, அதுவேதான். மணியை மெல்ல நகர்த்தி இரண்டு தந்தியும் நெருங்கும்போது விம்மல் சீக்கிரம் சீக்கிரம் வராது, இன்னும் நிதானமாக, இன்னும் நீளமாக வரும். வித்தியாசம் சிறுத்தால் விம்மல் நீளும். மொய்ரேவின் உயிர் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஒலியை எடுத்துவிட்டுப் புள்ளியை வையுங்கள். அங்குலத்துக்கு 60 வரிசை உள்ள டோன் மேல் 61 வரிசை உள்ள டோனை வைத்தால் என்ன ஆகும்? ஓர் இடத்தில் மேல் புள்ளியும் கீழ்ப் புள்ளியும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தும். அங்கே வெள்ளை அதிகம் மிஞ்சும், வெளுப்பாகத் தெரியும். அரை அங்குலம் தள்ளிப் போனால் மேல் புள்ளி, கீழ்ப் புள்ளிகளுக்கு நடுவே விழும். வெள்ளை மூடிக்கொள்ளும், கருமை கூடும். இன்னும் அரை அங்குலம் போனால் மறுபடி பொருந்தும். ஆக அங்குலத்துக்கு ஒரு விம்மல். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளிகள் இரண்டு சேர்ந்து இரண்டரை சென்டிமீட்டர் அலையைக் கிளப்பிவிடுகின்றன.

வரி எண் ஒன்றாகவே இருந்தாலும் ஒன்றை லேசாகத் திருப்பினால் போதும். 60 வரி டோன் இரண்டை ஒரு பாகை திருப்பி வைத்தால் அலையின் அகலம் 24 மில்லிமீட்டர். ஐந்து பாகையில் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 30 பாகையில் 0.8 மில்லிமீட்டர்தான், அதைக் கண் பொருட்படுத்தாது. வண்ண அச்சில் நீலம், கறுப்பு, சிவப்பு ஆகியவற்றின் புள்ளி வரிசைகளை 15, 45, 75 பாகை என்று முப்பது முப்பதாக விலக்கி வைப்பது இதற்காகத்தான். மஞ்சளுக்கு இடம் போதாமல் அதை 0 பாகையில் நெருக்கி உட்காரவைப்பார்கள். வெள்ளைத் தாளில் மஞ்சள் புள்ளி கண்ணுக்கு எடுபடாது என்பதால் அது தப்பித்துக்கொள்ளும்.

வாசகியின் படத்தில் இரண்டாவது வலை எங்கே? போன் திரைதான் அது. அவர் அங்குலத்துக்கு 600 பிக்சல் என்று வரைந்திருக்கிறார். 60 வரி டோன் என்றால் புள்ளிக்குப் புள்ளி சரியாக 10 பிக்சல். பக்கம் ஏறக்குறைய 4,300 பிக்சல் அகலம், போனுக்குப் போகும்போது அது 1,080-ஆகச் சுருங்குகிறது. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. வரிசை நேராக இருப்பதாக வைத்துக்கொண்டால், பத்து பிக்சல் இடைவெளி இப்போது 2.51 பிக்சல். பிக்சலைப் பாதியாக நறுக்க முடியாது. ஒரு புள்ளி இரண்டு பிக்சல் தள்ளி விழும், அடுத்தது மூன்று தள்ளி விழும். இரண்டரை என்றே இருந்தால் ஐந்து பிக்சலுக்கு ஒருமுறை கணக்கு நேராகிவிடும். 2.51-இல் ஒவ்வொரு முறையும் துளித் துளியாக வழுவு சேரும். சேர்ந்து சேர்ந்து நூறு பிக்சல் போன பிறகுதான் ஒரு சுற்று முடியும். அந்த நூறு பிக்சல்தான் அவர் பார்த்த கட்டத்தின் அகலம். பெரிதாக்கும்போது 2.51 என்பது 3.2 ஆகும், 4.7 ஆகும். அதற்கேற்ப அலையும் உருமாறிக்கொண்டே போகும்.

இந்த அலையைப் பிழை என்று மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மிக நுண்ணிய கோடுகள் கீறிய கண்ணாடியில் கோடுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்க மொய்ரேயைப் பயன்படுத்தலாம் என்று ராலே பிரபு 1874-இலேயே காட்டினார். சிறு வழுவைப் பெரிய அலையாக்கிக் கண்ணுக்குக் காட்டுவதால் அது ஒரு பூதக்கண்ணாடி. கார்பன் அணுக்கள் ஒற்றை அடுக்காக வலை பின்னிய கிராஃபீன் இன்னும் வியப்பு. இரண்டு அடுக்குகளை 1.1 பாகை திருப்பி வைத்தால், கால் நானோமீட்டர் கண் உள்ள வலையில் 13 நானோமீட்டர் மொய்ரே எழுகிறது. அந்த அலைக்குள் எலக்ட்ரான்களின் போக்கே மாறிவிடும் என்று 2011-இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் அதே திருப்பத்தில், கடுங்குளிரில், மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடியது. கொசுவலை நெளிவை ஆராய்கிறேன் என்று ஒருவர் நிதி கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்ற முதல் கேள்வியிலேயே விண்ணப்பத்தை மூடிவைக்கிற வழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பயன் தெரிய நூறு ஆண்டுக்கு மேல்கூட ஆகலாம்.

வாசகியின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு பெட்டி என்னை நிறுத்திவைத்தது. மேடையில் ஒரு பையன் முகமெல்லாம் கரி பூசி, இடுப்பில் தழை கட்டி, 'பழங்குடி' வேடத்தில் நிற்கிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பழங்குடிச் சிறுமி ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. பையன் முகத்தில் தாறுமாறாகக் கீறிய கரிக்கோடு, இவள் முகத்தில் சீரான 30 விழுக்காடு டோன். வசனமே இல்லை. மாறுவேடப் போட்டியில் பாரதியாராகலாம், தபால்காரராகலாம், கத்தரிக்காயாகக்கூட ஆகலாம். அடுத்த வீட்டுக் குழந்தையின் தோலையும் வாழ்வையும் வேடமாக்குவதைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும். கரி பூசி அனுப்பும் பெற்றோருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு வலிக்கும்.

அந்தச் சிறுமியின் முகத்தில்தான் மொய்ரே மிக மோசமாக விழுந்திருந்தது. போனில் மட்டுமல்ல, மூலப் படத்திலேயே இருந்தது. தோலுக்கு ஒரு டோன், அதன் மேல் நிழலுக்கு இன்னொன்று. இரண்டும் 60 வரிதான். ஆனால் நிழல் டோனைப் படமாக ஒட்டியிருக்கிறார். முகத்தைச் சாய்க்கும்போது அதுவும் ஐந்து பாகை சாய்ந்துவிட்டது. 5 மில்லிமீட்டர் அலை கன்னம் முழுக்க ஓடியது. அடக்கமாக வரைந்த முகம் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

அவருக்கு எழுதியது இவ்வளவுதான். டோனைப் படமாக ஒட்டாமல், வெறும் சாம்பலாகப் பூசி, அந்த அடுக்குக்கு (லேயருக்கு) டோன் அமைப்பை மட்டும் கொடுங்கள். புள்ளிகளை மென்பொருள் கடைசியில் போட்டுக்கொள்ளும். முகத்தைத் திருப்பினாலும் புள்ளி வரிசை திரும்பாது. நிழல் வேண்டிய இடத்தில் இரண்டாவது டோன் வேண்டாம், அதே அடுக்கில் சாம்பலை 40 விழுக்காட்டுக்கு ஏற்றினால் போதும். போனுக்கு அனுப்பும் படியில் டோன் அமைப்பை அணைத்துவிட்டுச் சாம்பலாகவே அனுப்புங்கள். திரைக்குச் சாம்பல் நன்றாகவே தெரியும், அங்கே புள்ளி தேவையில்லை. அச்சுக்குப் போகும் படியைக் கறுப்பு வெள்ளையாக, 600-லேயே, அளவு மாற்றாமல் கொடுங்கள். அச்சகத்தில் "கொஞ்சம் சுருக்கிப் போட்டுக்கலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். பக்க அளவைச் சொல்லி, அதற்கேற்ப நீங்களே புள்ளிகளைப் புதிதாகப் போட்டுக்கொடுங்கள்.

நாலு நாள் கழித்து ஐந்தாம் பக்கம் மட்டும் திரும்ப வந்தது. போனில் பெரிதாக்கினேன், சுருக்கினேன். எந்த அளவிலும் அலை இல்லை. கன்னத்தில் விழுந்த மேடை விளக்கின் வெளிச்சத்துக்காக டோனைச் சின்னதாகச் சுரண்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலில் அனுப்பிய படத்திலும் அது இருந்திருக்கிறது, அலைக்கு அடியில்.