ரீசாம்பிளிங்: மறு மாதிரியா, மறு வார்ப்பா?

ரோலண்ட் நிறுவனம் 2005-ல் வெளியிட்ட எஸ்.பி.-404 என்ற சின்ன சாம்பிளர் கருவியில், அதாவது ஒலிகளைப் பதிந்து வாசிக்கும் கருவியில், ‘ரீசாம்பிள்’ என்றே ஒரு பொத்தான் உண்டு. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பார்த்தால் ‘மறுமாதிரி’ என்ற சொல்தான் முதலில் கைக்கு வருகிறது. அது சரியில்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல, ‘சாம்பிள்’ என்ற தாய்ச்சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

லத்தீனில் ‘எக்ஸெம்ப்ளும்’ என்றால் வெளியே எடுக்கப்பட்டது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை ‘எக்ஸாம்பிள்’. முன்னெழுத்து தேய்ந்துபோன இன்னொரு கிளை ‘சாம்பிள்’. நம்முடைய ‘எடுத்துக்காட்டு’ம் எடுப்பதில்தான் தொடங்குகிறது, பாருங்கள். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, பொறியாளர்களின் சாம்பிள் அதுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஒலி அலையை விநாடிக்கு இத்தனை முறை என்று தொட்டு அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்வது. குறுந்தட்டில் இது விநாடிக்கு 44,100 முறை. இங்கே ஒரு சாம்பிள் என்பது ஒரே ஒரு பருக்கை. புள்ளியியல் பாடத்தில் வரும் ‘கூறெடுத்தல்’ இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

இசைக்காரர்கள் கதையை மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவின் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் 1979-ல் ‘ஃபேர்லைட்’ என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். வெளி உலக ஒலியைப் பதிந்து, அதை விசைப்பலகையில் வாசிக்கலாம். அப்படிப் பதிந்த துண்டுக்கு ‘சாம்பிள்’ என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ஆக, பருக்கையின் பெயர் பானைக்குப் போய்விட்டது. இந்த சாம்பிள் வேறெதற்கும் பதம் பார்க்கும் துளி இல்லை. முழு ஒலியும் அதுவேதான். ‘மாதிரி’ இங்கே உதவாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘மாதிரி ஒலி’ என்று எழுதினால், அசல் போலவே செய்த வேறு ஒலி என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். ‘ஒலித்துணுக்கு’ போதும்.

அப்படியானால் ‘ரீ’ எதைக் குறிக்கிறது? பொறியாளருக்கு ரீசாம்பிளிங் என்றால், 44,100 வீதத்தில் இருப்பதை 48,000-க்கு மாற்றுவது போன்ற கணக்கு வேலை. பீட், அதாவது ஹிப்ஹாப் போன்ற பாட்டுக்கான தாள இசை, செய்பவருக்கு அது வேறு. கருவி தன் வாயிலிருந்து வரும் ஒலியைத் தானே காது கொடுத்துக் கேட்டுப் புதிய துணுக்காகப் பதிந்துகொள்வதே ரீசாம்பிளிங்.

இது ஆடம்பரத்தில் பிறந்த வித்தை அல்ல, நெருக்கடியில் பிறந்தது. எஸ்.பி.-404-ல் ஒரு நேரத்தில் ஓர் எஃபெக்டுதான், அதாவது ஒலியை மாற்றும் ஒரு பூச்சுதான், போட முடியும். டிரம்ஸுக்கு எதிரொலியும் வேண்டும், அதன்மேல் ஒரு கரகரப்பும் வேண்டும் என்றால் என்ன செய்வது? எதிரொலியோடு ஓடவிட்டு, அதைக் காலியான ஒரு பேடில் (துணுக்கை ஒலிக்கவைக்கத் தட்டும் சதுரப் பொத்தானில்) ரீசாம்பிள் செய்ய வேண்டும். அப்புறம் அந்தப் பேடின்மேல் கரகரப்பு எஃபெக்டைப் போடலாம். திருப்தி இல்லையா, இன்னொரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி கொஞ்சம் தடிக்கும், கொஞ்சம் அழுக்காகும். அந்த அழுக்குக்காகவே இதைச் செய்கிறவர்கள் ஏராளம்.

அழுக்கின் மீதான இந்த மோகத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1987-ல் வந்த, ஈமு நிறுவனத்தின் எஸ்.பி.-1200 சாம்பிளரில் மொத்த நினைவகமே சுமார் 10 விநாடிதான். ஒரு துணுக்குக்கு அதிகபட்சம் இரண்டரை விநாடி. நியூயார்க் ஹிப்ஹாப்காரர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45-ல் ஓட்டிப் பதிந்து, பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கணக்குப் போட்டால் இரண்டரை விநாடி இடத்தில் ஏறக்குறைய 3.4 விநாடி இசை அடங்கும். விநாடிக்கு 26,040 அளவுகள், ஒவ்வோர் அளவுக்கும் 12 பிட் நுணுக்கம்தான் என்று ஏற்கெனவே சொரசொரப்பான கருவி அது. சுருதியை இறக்கியதும் சொரசொரப்பு இன்னும் கூடியது. இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு தலைமுறையின் டிரம்ஸ் ஒலியே பிறந்துவிட்டது!

ரீசாம்பிளிங்கின் கூடப்பிறந்த சொல் ‘சீக்வென்ஸ்’: எந்த ஒலி எப்போது வர வேண்டும் என்று கருவி நினைவில் வைக்கும் வரிசை. லத்தீனில் பின்தொடர்தல் என்று பொருள். இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களில் ‘அல்லேலூயா’வைத் தொடர்ந்து பாடும் பாட்டுக்கே ‘சீக்வென்ஸ்’ என்று பெயர் இருந்தது. எனவே இசைக்கு இது பழைய சொந்தம்தான். தமிழில் ‘தொடுப்பு’ என்று வைக்கலாமென்றால், ஊரில் அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது, வேண்டாம். ‘கோவை’ நல்ல சொல்.

கோவை பதிந்துகொள்வது ஒலியை அல்ல, விரலை: எந்தப் பேடை, எப்போது, எவ்வளவு அழுத்தித் தட்டினீர்கள் என்பதை மட்டும். 1988-ல் வந்த, ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்.பி.சி.-60 தாளத்தின் ஒரு தட்டை 96 சின்னத் துகள்களாகப் பிரித்து இதைக் குறித்துக்கொண்டது. அரைத்தட்டுக்கு 48 துகள். அதற்குள் வரும் இரண்டு அடிகள் 24, 24 என்று சமமாக நின்றால் அது 50 சதவீத ஸ்விங் (இரண்டாம் அடி எவ்வளவு தள்ளி விழுகிறது என்ற கணக்கு). இரண்டாம் அடியைத் தள்ளி 32, 16 என்று வைத்தால் சுமார் 66 சதவீதம். இரண்டுக்கு ஒன்று என்ற பங்கு, கிட்டத்தட்ட நம் திஸ்ர நடை. இவை இரண்டுக்கும் நடுவே, 26 துகளில், சுமார் 54 சதவீதத்தில் ஓர் இடம் இருக்கிறது. சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியோடும் ஒட்டாது, திஸ்ரத்திலும் சேராது, ஆனால் தலை தானாக ஆடும்.

கோவையாக இருக்கும்வரை எல்லாவற்றையும் மாற்றலாம். ஓர் அடியை நகர்த்தலாம், கிக்கை (பெரிய டிரம்மின் அடியை) எடுத்துவிட்டு வேறு கிக்கை வைக்கலாம். அதையே ரீசாம்பிள் செய்துவிட்டால், அந்தப் புதிய துணுக்குக்குள் கிக்கும் ஸ்நேர் டிரம்மும் எதிரொலியும் ஒரே பிண்டம். பிரித்தெடுக்க வழியில்லை. பதிலாக வேறொன்று கிடைக்கும்: பல பேடுகளில் சிதறிக் கிடந்த தாளம் ஒரே பேடுக்குள் வந்துவிடும். அதைத் துண்டு போடலாம், தலைகீழாக ஓட்டலாம், அரைவேகத்தில் இழுக்கலாம், துண்டுகளை வைத்துப் புதிய கோவை கட்டலாம். நான் ஒருமுறை இடம் போதவில்லை என்று மூலத் துணுக்குகளை அழித்துவிட்டு, பேஸ் சத்தம் அதிகம் என்று மறுநாள் உணர்ந்தேன். அந்தப் பீட் இன்றும் அதிக பேஸோடுதான் இருக்கிறது.

அதனால்தான் என் வோட்டு ‘மறுவார்ப்பு’க்கு. பழைய பித்தளைச் சொம்பையும் தட்டையும் உருக்கிப் புதுப் பாத்திரம் வார்த்தால், எது சொம்பு, எது தட்டு என்று பிறகு கேட்க முடியாது. பொறியாளர்களின் வீத மாற்றத்துக்கு ‘மறுகூறெடுப்பு’ இருக்கட்டும், இரண்டும் குழம்பாது. ‘மறுபதிவு’ என்று சொல்லலாமே என்பவர்களுக்கு: அது முதல் பதிவு சரியாக வராததால் திரும்பப் பாடவைத்தது போல ஒலிக்கிறது.

வினையாக்கிப் பார்த்தாலும் நாக்கில் நிற்கிறது. ‘மறுமாதிரியெடுத்தேன்’ என்று யாரும் பேசப்போவதில்லை. ‘டிரம்ஸையும் பேஸையும் சேர்த்து ஒரே பேடில் வார்த்துட்டேன்’ என்றால் பக்கத்தில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். தோசைக்கு அந்தச் சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்.