போகி முடிந்ததும் வருகிற தும்மல்

போகிக்கு அடுத்த வாரம் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் உட்கார இடம் இருக்காது. பரணில் ஒரு வருடமாகக் கிடந்த இலவம்பஞ்சுத் தலையணையை இறக்கித் தட்டியவர், ஒட்டடைக் குச்சியோடு ஏணியில் ஏறியவர், பழம்பாய் எரிந்த புகையில் நின்றவர் என்று வரிசையாக வருவார்கள். டெல்டாவில் சம்பா அறுவடையும் அதையொட்டித்தான் வரும். அறுவடை மிஷின் ஓடுகிற வயலோரம் நின்றுவிட்டு வந்தவர்கள் இன்னொரு பக்கம். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சளி பிடிச்சுக்கிச்சு டாக்டரம்மா, போகவே மாட்டேங்குது."

பெரும்பாலும் அது சளியே இல்லை. நான் நாலு கேள்வி கேட்பேன். காய்ச்சல் இருந்ததா? மூக்கில் வருவது தண்ணியா, கெட்டியா? கண்ணும் மேலண்ணமும் அரிக்கிறதா? எத்தனை நாளாக? கிருமியால் வந்த சளி ஒரு வாரம் பத்து நாளில் தானாக அடங்கிவிடும். மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், குழாயைத் திறந்தது போல மூக்கில் தண்ணீர், வெயில் ஏறினால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது என்றால் ஒவ்வாமைதான். குழந்தைகள் என்றால் கேள்விகூட வேண்டாம். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேலே தள்ளித் தள்ளித் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். பிள்ளை தும்மத் தும்ம, பாட்டி "நூறு... இருநூறு..." என்று ஆயுசைக் கூட்டிக்கொண்டு போவார். எட்டாவது தும்மலில் அவருக்கே சலித்துவிடும்.

ஆங்கிலத்தில் இதற்கு 'ஹே ஃபீவர்' என்று பெயர். அப்படியே சொன்னால் வைக்கோல் காய்ச்சல். இதில் காய்ச்சலும் கிடையாது, வைக்கோலும் மூல காரணம் கிடையாது. ஜான் போஸ்டாக் என்ற லண்டன் மருத்துவர், கோடைதோறும் தனக்கே வந்த இந்தத் தொல்லையை 1819-ல் எழுதிவைத்தார். மகரந்தம்தான் காரணம் என்பதை மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தன் மூக்கிலேயே சோதித்துப் பார்த்து 1873-ல் புத்தகமாக வெளியிட்டார். அங்கே புல் பூக்கும் பருவம் முடிந்தால் தும்மலும் முடிந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சீமைக் கருவேலம், பார்த்தீனியம், புல் பூண்டு என்று மகரந்தம் இங்கேயும் உண்டு. ஆனால் வருடம் முழுக்கத் தும்ம வைப்பது பெரும்பாலும் தலையணைக்குள் இருக்கிற தூசி உண்ணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் துகளைத் தின்று வாழ்கிறது. அதன் எச்சத்தில் உள்ள புரதம்தான் நம் மூக்குக்கு ஆகாதது. ஈரக்காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

இனி நான் தினமும் பார்க்கிற தவறுகளுக்கு வருகிறேன்.

பேருந்து நடத்துநர் ஒருவர். சட்டைப் பையில் பயணச்சீட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சொட்டு மருந்துப் பாட்டில். நாலு வருடமாக அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் கிடையாது. "போட்டதும் கதவு தொறந்த மாதிரி இருக்கும் மேடம். ரெண்டு மணி நேரத்துல மறுபடி அடைச்சுக்கும்." சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகைச் சொட்டுகள் மூக்கின் உள்சதையில் இருக்கிற ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்குகின்றன. அதனால் உடனே மூச்சு வருகிறது. மருந்தின் வேகம் இறங்கியதும் அந்தச் சதை முன்னைவிடப் பெரிதாக வீங்குகிறது. ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பை உண்டாக்குவதே அந்த மருந்துதான். இப்படி வீங்கிய சதையைப் பார்த்து "மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்று யாரோ சொல்ல, அறுவை சிகிச்சைக்குப் பணம் புரட்டிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நடத்துநருக்கு முதலில் ஒரு பக்க மூக்கில் மட்டும் சொட்டை நிறுத்தச் சொல்லி, கூடவே ஸ்டீராய்டு ஸ்பிரே தொடங்கினேன். முதல் வாரம் என்னைத் திட்டியிருப்பார். மூன்றாவது வாரம் இரண்டு பக்கமும் நின்றது.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறாதவர்கள் குறைவு. அதே ஆட்கள் மருந்துக் கடையில் "சளிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று காகிதத்தில் மடித்து வாங்கி விழுங்கியிருப்பார்கள். அந்த செட்டில் இருக்கிற குட்டி மாத்திரை பல சமயம் பீட்டாமெத்தசோன், அரை மில்லிகிராம். அதுவும் ஸ்டீராய்டுதான், நேரே ரத்தத்தில் போய்ச் சேர்கிற ஸ்டீராய்டு. ஃபுளூட்டிகசோன் ஸ்பிரேயை இரு பக்கமும் இரண்டிரண்டு முறை அடித்தால் மொத்தம் 200 மைக்ரோகிராம். அதில் ரத்தத்தில் கலப்பது 2 விழுக்காட்டுக்கும் குறைவு, நாலு மைக்ரோகிராம்கூட வராது. மாத்திரையில் 500. சர்க்கரை நோயாளிகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒன்று போட்டால் போதும் என்று சில இடங்களில் போடுகிற, உடம்பில் தங்கி மெல்ல மெல்லக் கரைகிற டிப்போ ஸ்டீராய்டு ஊசி இன்னும் மோசம். போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

ஆனால் ஸ்பிரேயை எழுதிக்கொடுத்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. "அதெல்லாம் அடிச்சுப் பார்த்துட்டேன், கேக்கல" என்பவர்களிடம் என் முன்னாலேயே ஒரு தடவை அடிக்கச் சொல்வேன். தலையை அண்ணாந்து, மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடித்து, சங்கு ஊதுவதற்கு மூச்சிழுப்பது போல ஓர் இழு இழுப்பார்கள். மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும். நடுச்சுவரில் பட்டது அங்கே புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். முதலில் மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்யுங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள். தலை லேசாகக் குனிந்திருக்கட்டும். வலது கையில் பிடித்து இடது மூக்கில், இடது கையில் பிடித்து வலது மூக்கில் அடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம், அதாவது கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திரும்பும். பூவை முகர்வது போல மெதுவாக இழுத்தால் போதும். தொண்டையில் சுவை தெரியவில்லை என்றால் சரியாக அடித்திருக்கிறீர்கள். முழுப் பலன் தெரிய ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். மூன்றாம் நாள் பாட்டிலை ஓரம் கட்டுகிறவர்களுக்குத்தான் அது 'கேக்கல'.

அரிப்பும் தும்மலும் அதிகமாக இருக்கும் நாளில் செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் உதவும். இதே வகையில் பழைய அவில், சிபிஎம் (குளோர்ஃபெனிரமின்) மாத்திரைகள் தூக்கத்தில் தள்ளிவிடும். அவற்றைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் உடம்பில் சேர்வது குறையும், தண்ணீர்தான் சரி. லெவோசெட்டிரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையை நம் ஊரில் மிட்டாய் போல எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். மான்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ல் கடுமையாக எச்சரித்தது. வேறு மருந்து கேட்காதவர்களுக்கு மட்டுமே என்றும் சொன்னது. பிள்ளை அந்த மாத்திரை தொடங்கிய பிறகு இரவில் அலறி எழுந்தால் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம், செலவும் இல்லை. ஒரு நிபந்தனை: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டும். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகிற அமீபாவால் 2024-ல் கேரளத்தில் குழந்தைகள் இறந்தார்கள். கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. நொச்சி ஆவி பெரியவர்களுக்கு இதமாக இருக்கும், ஆனால் கொதிக்கிற பாத்திரத்துக்கு முன் பிள்ளையைப் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். வெந்த தொடைகளோடு வந்த குழந்தைகளைப் பார்த்தவள் சொல்கிறேன். தைலம் அடைப்பைத் திறப்பதில்லை. மெந்தால் குளிர்ச்சி நரம்பைத் தூண்டி, திறந்தது போலத் தோன்ற வைக்கிறது, அவ்வளவே.

தயிர், வாழைப்பழம், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோர் வாசனைக்கு ஏங்குகிறவர்கள் உண்டு. தலையணையில் இருக்கிற உண்ணிக்கும் தயிருக்கும் சம்பந்தமில்லை. சாப்பிடுங்கள்.

ஒரே பக்க மூக்கில் மட்டும் தொடர்ந்து நீரோ ரத்தமோ வந்தால் அது வேறு விஷயம், உள்ளே கருவி விட்டுப் பார்த்தாக வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஒரு பக்கம் நாற்றத்தோடு வந்தால் பெரும்பாலும் புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கும். இரவில் இருமலும் இழுப்பும் சேர்ந்தால் ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

"வைக்கோல் தூசு பக்கம் போகாதீங்க" என்று நான் சொன்னதும் ஒரு பெண்மணி சிரித்துவிட்டார். "ரெண்டு மாடு நிக்குது டாக்டரம்மா, யாரு போடுவா?" அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். இப்போது அவர் தினமும் காலையில் ஸ்பிரே அடித்துக்கொள்கிறார். படப்பில் வைக்கோல் பிடுங்கும்போது முகக்கவசம் கட்டிக்கொள்கிறார், முடித்ததும் முகம் கழுவிப் புடவை மாற்றுகிறார். இலவம்பஞ்சுத் தலையணைக்கு ஜிப் வைத்த நெருக்கமான உறை தைத்தாயிற்று. விரிப்புகளை வாரம் ஒருமுறை கை பொறுக்காத வெந்நீரில் ஊற வைக்கிறார். வீடு பெருக்குவதை மகன் ஏற்றுக்கொண்டான், ஈரத்துணியால் துடைத்தும் விடுகிறான். தும்மல் முழுக்கப் போகவில்லை. காலையில் இரண்டு மூன்று வருகிறது என்றார். "இந்த போகிக்கு ஏணியில நான் ஏறல" என்றும் சொன்னார்.