ஜூபிலின்னா என்ன? வெள்ளி விழாவா, விடுதலையா, பெருமங்கலமா?

ஜூபிலிங்கிற வார்த்தைய நம்ம ஆளுங்க அதிகம் பாத்திருக்கறது சினிமா போஸ்டர்லதான். ஒரு படம் 25 வாரம், அதாவது 175 நாள் ஓடிட்டா சில்வர் ஜூபிலி, மோகன் படமெல்லாம் வரிசையா அப்படி ஓடுனதால அவருக்கு வெள்ளி விழா நாயகன்னே பேரு வந்துச்சு. அதனால ஜூபிலின்னா 25, இல்லன்னா வெள்ளின்னு மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா வார்த்தையோட வேர்ல 25ம் கிடையாது, வெள்ளியும் கிடையாது. அங்க இருக்கறது ஒரு ஆட்டுக்கடா.

எபிரேய மொழில யோவேல்னா கடா, அப்புறம் அந்தக் கடாவோட கொம்பு, அப்புறம் அந்தக் கொம்ப ஊதி அறிவிக்கிற வருஷத்துக்கே அது பேராயிடுச்சு. பைபிள்ல லேவியராகமம் 25ஆம் அதிகாரத்துல விவரமா இருக்கு. ஏழேழு 49 வருஷம் முடிஞ்சு 50வது வருஷம் கொம்பு ஊதணும், வறுமையில தன்னையே வித்துக்கிட்டு வேலைக்காரனா போனவன் தன் குடும்பத்துக்குத் திரும்பிப் போகணும், வித்த நிலம் பழைய சொந்தக்காரங்க கைக்கே திரும்பணும், அந்த வருஷம் விதைக்கக் கூடாது, அறுக்கவும் கூடாது. நிலத்தோட விலையக்கூட அடுத்த யூபிலிக்கு இன்னும் எத்தன வருஷம் பாக்கின்னு கணக்குப் பண்ணித்தான் பேசணுமாம், கிட்டத்தட்ட குத்தகை மாதிரி. தமிழ் பைபிள்ல இதை மொழிபெயர்க்காம யூபிலி வருஷம்னே விட்டுட்டாங்க, அது நல்ல முடிவுன்னுதான் நான் நெனைக்கிறேன்.

லத்தீனுக்குப் போனப்பதான் அர்த்தம் கொஞ்சம் திரிஞ்சுச்சு. அங்க ஏற்கனவே யூபிலாரேன்னு ஒரு சொல் இருந்துச்சு, சந்தோஷத்துல கூவுறது, நம்ம குலவை மாதிரின்னு வச்சுக்கங்க. ரெண்டும் காதுக்கு ஒண்ணாவே கேட்டதால கலந்து போயி, விடுதலை குடுக்கற வருஷம் கொண்டாட்டமான வருஷமாவும் ஆயிடுச்சு. 1300ல போப் எட்டாம் போனிஃபாஸ் ரோமாபுரில பாவமன்னிப்புக்கான புனித வருஷம்னு அறிவிச்சாரு, முதல்ல 100 வருஷத்துக்கு ஒருதரம்னு இருந்தது 50 ஆகி, 1475லேருந்து 25 ஆச்சு. மன்னிப்புக்காக ஒரு மனுஷன் நூறு வருஷம் காத்திருக்க முடியுமா, அதான் கொறச்சிட்டாங்க.

ராஜாக்கள் இந்த வார்த்தைய எடுத்துக்கிட்டது ரொம்பப் பின்னாடி. இங்கிலாந்துல மூணாம் ஜார்ஜ் ஆட்சியோட 50வது வருஷம் தொடங்குனப்ப, 1809 அக்டோபர் 25ல, நாடு முழுக்கக் கொண்டாடுனாங்க. அப்புறம் 1887 ஜூன்ல விக்டோரியாவோட பொன் விழா. லண்டன் ஹைட் பார்க்ல பள்ளிப் பிள்ளைங்க மட்டும் கால் லட்சத்துக்கும் மேல கூட்டி, பன்னும் பாலும் குடுத்து, ஆளுக்கொரு ஜூபிலி மக், அதாவது கோப்பை, குடுத்தாங்க. விழான்னா பசங்களுக்கு மக் குடுக்கற பழக்கம் அதுக்கப்புறமும் அந்த நாட்டுல விடாம வந்துச்சு. இந்தியாவுல அதே விழாவ 1887 பிப்ரவரி 16லயே முடிச்சிட்டாங்க, ஜூன் வெயில்ல யாரு ஊர்வலம் போவா. அன்னிக்கு ஆயிரக்கணக்கான கைதிகள ஜெயில்லேருந்து விட்டாங்க. லேவியராகமத்துல சொன்ன விடுதலையோட ஒரு துளி அங்க ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு பாருங்க. சென்னை சென்ட்ரல் பக்கத்துல இருக்கற விக்டோரியா பப்ளிக் ஹாலுக்குப் பேரு வந்ததும் இந்த விழாவாலதான்.

அமெரிக்காவுல கறுப்பின மக்கள் இதே வார்த்தைய வேற மாதிரி புடிச்சிக்கிட்டாங்க, அடிமைத்தனம் ஒழியற நாளைத்தான் அவங்க ஜூபிலின்னு பாடுனாங்க, 1871ல கெளம்புன ஃபிஸ்க் பல்கலைக்கழகத்து ஜூபிலி பாடகர் குழுவோட பேருக்கும் அதுதான் காரணம். மூல அர்த்தத்துக்கு ரொம்ப கிட்ட நின்னது இவங்கதான்னு சொல்லுவேன்.

வெள்ளி, பொன்னுங்கற அடைமொழியெல்லாம் ஐரோப்பாவுல கல்யாண நாள் கொண்டாடுற வழக்கத்துலேருந்து வந்து சேந்தது. வைரம் மொதல்ல 75க்குத்தான், 1897ல விக்டோரியா 60 வருஷம் முடிச்சப்ப அத 60க்கு எறக்கிட்டாங்க. அந்த விழாவுல செயின்ட் பால் தேவாலயத்துப் படியேற அந்தம்மாவால முடியாம, வாசல்ல வண்டிலயே உக்காந்திருக்க, பாதிரியாருங்கள்லாம் படில நின்னு பூசைய முடிச்சாங்க.

நான் இந்த வார்த்தைய மொதல்ல கேட்டது 1977ல, கிழக்கு லண்டன்ல பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்ப. எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்தது 1952 பிப்ரவரி 6, ஆனா பிப்ரவரி குளிர்ல தெருவுல உக்காந்து யாரு சாப்பிடுவா, அதனால கொண்டாட்டத்த ஜூனுக்குத் தள்ளி வச்சாங்க. ஜூன் 6 ராத்திரி விண்ட்சர்ல ராணி சொக்கப்பனை கொளுத்த, அடுத்தடுத்த மேட்டுல வரிசையா நாடு முழுக்கக் கொளுத்துனாங்க. மறுநாள் செவ்வாக்கிழமை, ஊருக்கே லீவு. லண்டன்ல மட்டும் 4,000 விருந்து நடந்துச்சுன்னு கணக்கு, அதுல எங்க தெருவும் ஒண்ணு. ரெண்டு முனையையும் அடைச்சிட்டு, வால்பேப்பருக்குப் பசை தடவுற மடக்கு மேசையெல்லாம் கொண்டாந்து நடு ரோட்டுல நீளமா போட்டாங்க, சாண்ட்விச், சாசேஜ் ரோல், ஜெல்லி, ஆரஞ்சு ஸ்குவாஷ், தலைக்கு மேல இந்த வீட்டுலேருந்து எதிர்வீட்டுக்கு சிவப்பு வெள்ளை நீலத்துல முக்கோணத் துணித் தோரணம். பசங்க தலைல எல்லாம் க்ரேப் பேப்பர் கிரீடம். அன்னிக்கு ஒரே குளிர், தூறல் வேற, கிரீடத்தோட சாயம் எறங்கி எல்லா நெத்தியிலயும் நீலமா வழிஞ்சுது, யாரும் எந்திரிச்சு உள்ள போகல. அம்மா வெங்காயப் பக்கோடா போட்டு எவர்சில்வர் தாம்பாளத்துல கொண்டாந்து வச்சாங்க, அது நமுத்தே போச்சு, ஆனாலும் தாம்பாளம் காலியாத்தான் வீட்டுக்கு வந்துச்சு.

அப்பா முந்தின நாள் வெள்ளி விழான்னா என்னன்னு எங்களுக்கு விளக்குனப்ப தங்கச்சி கேட்ட கேள்வி, "செவ்வாக்கிழமை எதுக்குப்பா வெள்ளி விழா?" நியாயமான கேள்விதானே. தமிழ்ல வெள்ளின்னா உலோகம், கிழமை, வானத்துல தெரியற சுக்கிரன், மலேசியா சிங்கப்பூர்ல பணத்துக்கே வெள்ளின்னுதான் பேரு. பள்ளிக்கூடத்துல பசங்களுக்குக் குடுத்த நாணயத்த வாங்கிப் பாத்துட்டு அப்பா இன்னொரு குண்டப் போட்டாரு. ஒரு பக்கம் ராணி குதிரை மேல, மதிப்பு எவ்வளவுன்னு எங்கயும் எழுதியிருக்காது, கணக்குக்கு 25 பென்ஸ், ஆனா அது செம்பும் நிக்கலும் கலந்தது, வெள்ளி இல்ல. லண்டன்ல அந்த வருஷம் 25 பஸ்சுக்கு வெள்ளி பெயின்ட் அடிச்சு ஓட்டுனாங்க. ஃப்ளீட் லைன்னு திட்டம் போட்டிருந்த சுரங்க ரயில் பாதைக்கு ஜூபிலி லைன்னு பேர மாத்தி 1979ல தொறந்தாங்க, மேப்ல அதுக்கு இன்னிக்கும் வெள்ளிச் சாம்பல் கலர்தான்.

சரி, தமிழ்ல என்னன்னு சொல்றது? 25க்கு வெள்ளி விழா, 50க்குப் பொன் விழா, இதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. 60தான் இடிக்கும், மனுஷனுக்கு 60 வயசானா மணி விழா, நிறுவனத்துக்கு வைர விழா. 75க்கு நாம சொல்ற பவள விழா நம்மளே உண்டாக்குன வழக்கு, இங்கிலீஷ்காரங்க கல்யாணக் கணக்குல பவளம் 35க்கு வரும், அதனால அதை அப்படியே இங்கிலீஷுக்குத் திருப்புனா அவங்க 40 வருஷத்தக் காணோமேன்னு முழிப்பாங்க. 2022ல ராணி பட்டத்துக்கு வந்து 70 வருஷம் ஆனதுக்குப் பிளாட்டினம் ஜூபிலி நடந்தப்ப, பிளாட்டினத்தை வெண்தங்கம்னு சிலர் எழுதுனாங்க, நகைக்கடையில வெண்தங்கம் வேற பொருள், எழுபதாம் ஆட்சியாண்டு விழான்னு எழுதுனா குழப்பமே இல்ல.

ராஜா கொண்டாட்டத்துக்குன்னே பழந்தமிழ்ல ஒரு சொல் இருக்கு, பெருமங்கலம். தொல்காப்பியத்துல அரசனப் புகழ்ந்து பாடறதுக்கான பாடாண் திணையில "சிறந்த நாளணி செற்றம் நீக்கிப் பிறந்த நாள்வயிற் பெருமங்கலமும்"னு வரும். அரசன் பொறந்த நாள்ல கோபத்தத் தூக்கி வச்சிட்டு வெள்ளை உடுத்துவான், அதனால வெள்ளணி நாள்னும் பேரு. சிறையில இருக்கறவங்கள விடறது, போர நிறுத்தறது, வரிய விடறது, தானம் குடுக்கறதுன்னு பழைய உரைல பட்டியல் போகுது. லேவியராகமத்த இதுக்குப் பக்கத்துல வச்சுப் படிச்சுப் பாருங்க, செற்றம் நீக்கிங்கற அந்த ரெண்டு சொல்லு வெள்ளி விழாவ விட எவ்வளவோ கிட்ட வருது. ஒரே சிக்கல், அது பொறந்த நாளுக்கு, ஆட்சி ஆண்டுக்கு இல்ல. முடிசூட்டறதுக்கு அங்க தனியா மண்ணு மங்கலம்னு இருக்கு. அதனால செய்தி எழுதறவங்க ஆட்சி வெள்ளி விழான்னு எழுதட்டும், கதை, கட்டுரை எழுதறவங்க தைரியமா பெருமங்கலத்த எடுத்துக்கலாம், அடிக்குறிப்பு போட்டாத் தப்பில்ல.

சில்வர் ஜூபிலி வெள்ளி விழான்னு ரெண்டையும் சேத்து ஃப்ளெக்ஸ் அடிக்கறத மட்டும் விட்டுடலாம். இந்த வெவகாரத்துல ஒழுங்கா இருக்கறது சர்ச்சுக்காரங்கதான், சாமியார் குருப்பட்டம் வாங்கி 25 வருஷம் ஆனா வெள்ளி விழான்னு போடறாங்க, 2025ல ரோமாபுரில, புனித வருஷத்துக்குன்னே தொறக்கற புனிதக் கதவு தொறந்திருந்ததுக்கு யூபிலி ஆண்டுன்னு போட்டாங்க.