ஒரே பிரிண்டரில் இரண்டு கறுப்பு

எங்கள் வீட்டு கேனான் பிரிண்டரின் மூடியை முதல்முறை திறந்தபோது, கடைக்காரர் தவறுதலாக ஒரு மை கார்ட்ரிட்ஜைக் கூடுதலாகப் போட்டுவிட்டாரோ என்று நினைத்தேன். சியான், மெஜந்தா, மஞ்சள். அப்புறம் கறுப்பு மட்டும் இரண்டு. ஒன்று ஒல்லி, 'பிகே' என்று லேபிள். இன்னொன்று குண்டு, 'பிஜிபிகே'. கடிதம் அடித்தால் குண்டில்தான் மை குறையும். போட்டோ அடிக்கும்போது குண்டு சும்மா இருக்கும், ஒல்லி வேலை செய்யும்.

இரண்டும் பார்க்கக் கறுப்புதான், சரக்கு வேறு. ஒல்லியில் இருப்பது சாய மை. தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல அதில் சாயம் முழுக்கக் கரைந்திருக்கும். குண்டில் இருப்பது நிறமி மை. சந்தனத்தை உரைத்துத் தண்ணீரில் கலக்கினால் அது கரையாமல் மிதந்துகொண்டிருக்கும் அல்லவா, அந்த மாதிரி. மிதப்பது கரி. விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் காட்டிக் கண்மைக்குக் கரி பிடிப்பார்களே, ஏறக்குறைய அதே பொருள். ஆலையில் எண்ணெயைக் குறைந்த காற்றில் எரித்து எடுக்கிறார்கள். ஒரு சாய மூலக்கூறு ஒன்றிரண்டு நானோமீட்டர் இருக்கும். கரித்துகளோ சுமார் 100 நானோமீட்டர். இந்த அளவு வித்தியாசத்தில்தான் மீதிக் கதை முழுவதும் இருக்கிறது.

சாதாரண ஏ4 தாள் என்பது மர நார்களின் பின்னல். அதன்மேல் சாய மைத்துளி விழுந்தால், தண்ணீர் நார் வழியே எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் சாயமும் கூடவே போகும். எழுத்தின் ஓரம் பிசிறு தட்டும். நிறம் உள்ளே இறங்கிவிடுவதால் கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரியும். நிறமி மையில் தண்ணீர் மட்டும் இறங்கிப்போகும், கரி வடிகட்டியதுபோல மேலேயே தங்கிவிடும். அதனால்தான் எழுத்து கருகருவென்று, விளிம்பு கூர்மையாக நிற்கிறது.

உங்கள் பிரிண்டர் எதைப் பயன்படுத்துகிறது என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். அடித்த எழுத்தின்மேல் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். சாயமாக இருந்தால் சொட்டோடு கலைந்து பரவும். சில மைகளில் ஓரத்தில் நீலமோ ஊதாவோ தனியாகப் பிரிந்து வருவதையும் பார்க்கலாம், ஏனென்றால் ஒரே சாயத்தை வைத்து நல்ல கறுப்பு வருவது கடினம், பலவற்றைக் கலப்பார்கள். நிறமியாக இருந்தால் பெரும்பாலும் அசையாது. (ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்டும் அசையாது, ஆனால் அது உருகி ஒட்டிய பொடி.)

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் நிறமியே போதாதா? பளபளக்கும் போட்டோ பேப்பரில் அதன் ஜம்பம் பலிக்காது. அந்தத் தாளின் பூச்சில் இருக்கும் துளைகள் சில பத்து நானோமீட்டர்தான். சாயம் நுழைந்துவிடும். கரித்துகள் நுழையாமல் மேலே புழுதிபோலக் கிடக்கும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். போட்டோ பேப்பரை வைத்துவிட்டு, கணினியில் தாள் வகையைச் 'சாதாரணம்' என்றே விட்டுவிட்டேன். வந்த படத்தில் தலைமுடியைக் கட்டைவிரலால் தொட்டதும் கறுப்பு கையோடு வந்துவிட்டது. பிரிண்டர்மேல் தப்பில்லை, என்ன தாள் வைத்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது, நாம் சொல்வதை நம்பித்தான் குண்டா ஒல்லியா என்று முடிவுசெய்கிறது. நாம் படிக்காமலே கடந்துபோகும் அந்த ஒரு கட்டத்தில் இவ்வளவு இருக்கிறது.

மூன்று நிற மைகளைக் கலந்தாலே கறுப்பு வர வேண்டும் என்று பள்ளிப் பாடம் சொல்லும். நடைமுறையில் வருவது சேற்றுப் பழுப்பு. தாளும் மூன்று பங்கு ஈரத்தில் ஊறி நெளிந்துவிடும்.

நிறமி மையிலேயே படம் அடிக்கும் பெரிய போட்டோ பிரிண்டர்களில் கதை இன்னொரு சுற்று போகிறது. அங்கே 'போட்டோ பிளாக்', 'மேட் பிளாக்' என்று இரண்டு. பளபளத் தாளுக்கானதில் துகள்களைப் பிசின் சுற்றியிருக்கும்; மேற்பரப்பு வழவழப்பாக அமையும். பளபளப்பில்லாத மேட் தாளில் அதே மை மங்கிவிடும் என்பதால் அங்கே இன்னொன்று. எப்சன் பிரிண்டர்கள் பலவற்றில் இந்த இரண்டுக்கும் வழி ஒன்றுதான். தாள் மாற்றினால் குழாயில் இருக்கும் பழைய கறுப்பை வெளியேற்றி, புதியதை நிரப்ப வேண்டும். விலை உயர்ந்த மை வீணாகக் கழிவுப் பஞ்சில் போய்ச் சேரும். இது புகைப்படக்காரர்களின் நெடுநாள் புலம்பல். பிற்பாடு வந்த மாடல்களில் இரண்டுக்கும் தனித்தனி வழி வைத்தார்கள்.

கறுப்போடு சாம்பல் மைகளும் உண்டு. வெளிர் கன்னத்தில் அடர்கறுப்புப் புள்ளி வைத்தால் மணல்போல உறுத்தும், சாம்பல் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. 2011இல் வந்த கேனான் பிக்ஸ்மா ப்ரோ-1இல் கறுப்பும் சாம்பலுமாகவே ஐந்து டேங்குகள்.

பாட்டிலிலிருந்து மை ஊற்றும் வீட்டு டேங்க் பிரிண்டர்களுக்கு வருவோம். எப்சனின் 664 மை வரிசையில் கறுப்பும் சாயம்தான். கேனான் ஜி வரிசை பிரிண்டர்களுக்கான ஜிஐ-790 மையில் கறுப்பு நிறமி, மற்றவை சாயம். கறுப்பு பாட்டில் எல்லாம் ஒன்றுதானே என்று மாற்றி ஊற்றினால் வினை. கரித்துகள்கள் ஒன்றையொன்று மின்னூட்டத்தால் விலக்கிக்கொண்டுதான் மிதக்கின்றன. வேறு மையின் உப்போ அமிலமோ சேர்ந்தால் அந்த விலக்கம் போய், பால் திரிவதுபோலத் திரண்டுவிடும். மையைத் தாளில் தெளிக்கும் ஹெட்டில் இருக்கும் துளை, தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குதான்; திரண்டது அதை அடைத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் திரிதலையே சில தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள். நிற மையில் உப்பைச் சேர்த்துவிடுவார்கள். மஞ்சள் பட்டைக்குப் பக்கத்தில் கறுப்பு எழுத்து வந்தால், இரண்டும் தொடும் கோட்டில் கரி அங்கேயே உறைந்துவிடும். கறுப்பு மஞ்சளுக்குள் ஓடாது. தாளில் நடந்தால் தொழில்நுட்பம், ஹெட்டுக்குள் நடந்தால் சர்வீஸ் சென்டர்.