நடைபாதையில் சைக்கிள் வரட்டும், நடக்கிறவர் வேகத்தில் வரட்டும்

சைக்கிள் மோதி விழுந்தவர்களைவிட, மோதிவிடுமோ என்று பதறி விழுந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். நான் சிங்கப்பூரில் இயன்முறை சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால், "பின்னாடி சைக்கிள் வந்துச்சும்மா, திரும்பினேன், அவ்வளவுதான் தெரியும்" என்பார்கள். சைக்கிள் அவர்கள்மேல் பட்டிருக்கவே இருக்காது. தன்னால் ஒருவர் விழுந்தார் என்பதுகூட ஓட்டியவருக்குத் தெரியாது, அவர் அதற்குள் அடுத்த புளோக்கைத் தாண்டிப் போயிருப்பார். மருத்துவமனைச் சீட்டிலும் 'நடக்கும்போது தடுமாறி விழுந்தார்' என்று ஒரு வரிதான் இருக்கும்.

அதனால்தான் நடைபாதையில் சைக்கிளை விடலாமா கூடாதா என்ற பேச்சு வரும்போதெல்லாம், எத்தனை பேர்மீது மோதியது என்ற கணக்கோடு பேச்சு முடிந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் இங்கே சட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம், பலருக்கு அதுவே குழப்பமாக இருக்கிறது. ஒரு காலத்தில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவதே குற்றம். 2010இல் தெம்பனிஸ் நகரில் மட்டும் அனுமதி கொடுத்தார்கள். 2018 மே மாதம் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தீவு முழுவதும் அனுமதி கிடைத்தது, வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதை 10 ஆகக் குறைத்தார்கள். 2019 நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்களுக்கு நடைபாதையில் இடமில்லை என்றார்கள். மின்சைக்கிளுக்கும் நடைபாதையில் அனுமதி கிடையாது. மிதிக்கும் சைக்கிளுக்கு இன்றும் உண்டு. 2025 ஜூலை 1 முதல் இன்னொரு மாற்றமும் வந்தது: சிவப்பு நிறச் சைக்கிள் பாதை பக்கத்திலேயே இருந்தால் அதை ஒட்டிய நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும்தான், மீறினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தக் கடைசி மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் சைக்கிள் பாதை இல்லாத பழைய பேட்டைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அங்கே பல நடைபாதைகள் ஒன்றரை மீட்டர் அகலம்தான். ஒரு சைக்கிளின் கைப்பிடி அறுபது எழுபது சென்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும். மிச்சமிருப்பதில் ஒருவர் மார்க்கெட் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் அந்த மிச்ச இடத்தில் நடப்பவர்கள்.

10 கிலோமீட்டர் வேகம் என்றால் ஓட்டுகிறவருக்கு ஊர்ந்து போவது போலத்தான் இருக்கும், நிதானமாக மிதித்தாலே சைக்கிள் 15ஐத் தொட்டுவிடும். ஆனால் அந்தப் பத்து கிலோமீட்டர் வேகமே நொடிக்கு ஏறக்குறைய மூன்று மீட்டர். கைத்தடி ஊன்றி நடக்கும் ஒருவர் நொடிக்கு ஒரு மீட்டர்கூட நகரமாட்டார். அவர் சத்தம் கேட்டு, அது என்ன என்று புரிந்து, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவெடுத்து, காலைத் தூக்கி வைப்பதற்குள் சைக்கிள் அவரைக் கடந்திருக்கும். சட்ட வரம்புக்குள் ஓட்டியிருந்தாலும் இதே நிலைதான்.

சரி, அவர் ஏன் விழ வேண்டும்? சும்மா நின்றால் போதாதா? நிற்க முடிந்தால் நின்றிருப்பார். முதியவர்கள் நடந்துகொண்டிருக்கும்போது தலையைச் சட்டென்று பின்னால் திருப்பினாலே பலருக்கு நிலை தடுமாறும், ஏனென்றால் உடலை நேராக நிறுத்திவைக்கும் வேலையைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் பாதத்தின் உணர்ச்சியும் சேர்ந்துதான் செய்கின்றன, மூன்றுமே வயதோடு மங்குகின்றன. சர்க்கரை நோய் முற்றியவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும், தரை மேடா பள்ளமா என்பதே கால் சொல்லித் தெரியாது. நம் இந்தியர்களிடையே சர்க்கரை எவ்வளவு அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை. பார்க்கின்சன்ஸ் (நடுக்குவாதம்) உள்ளவர் திரும்ப முயன்றால் சில நேரம் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும். இளைஞர்கள் தடுமாறினால் அனிச்சையாக ஓர் எட்டு எடுத்து வைத்துச் சமாளித்துவிடுவார்கள். முதியவர்களுக்கு அந்த ஓர் எட்டு தாமதமாக வரும், அல்லது வரவே வராது.

மணி அடிக்கிறோமே என்பார்கள் ஓட்டுகிறவர்கள். அடிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் வயதானால் முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன், சைக்கிள் மணியின் 'டிங்' அந்த ரகம். பேருந்து நிறுத்தத்தின் இரைச்சலில் அது அவர்களுக்குக் கேட்பதே இல்லை. கேட்கிறவர்களோ திடுக்கிடுகிறார்கள், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் மணியை இரண்டு மீட்டர் நெருங்கிய பிறகுதான் அடிக்கிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு பாட்டி. அடுக்குமாடி புளோக்கின் அடியில் திறந்தவெளியாக இருக்கும் வெற்றுத்தளத்தின் தூணைத் தாண்டி ஒரு பையன் சைக்கிளில் வளைந்து வந்தான். பாட்டி பின்வாங்கினார், பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார், தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியில் முறிந்தது. அறுவை நன்றாக நடந்தது, சில வாரங்களில் வாக்கர் இல்லாமல் நடந்தார், படிகூட ஏறினார். எலும்பு சேர்ந்துவிட்டது, தசை பலம் பெற்றுவிட்டது. ஆனால் அவர் கீழே இறங்கமாட்டேன் என்றார். தினமும் காலையில் ஈரச்சந்தைக்குப் போய் மீனை அழுத்திப் பார்த்து வாங்கி, காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவர், இப்போது பணிப்பெண்ணை அனுப்புகிறார். லிஃப்ட் கதவு வரை என்னோடு வருவார், கதவு திறந்ததும் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொள்வார். வெளியே போகாததால் நடை குறைகிறது, நடை குறைவதால் தசை வற்றுகிறது, தசை வற்றினால் அடுத்த முறை விழுவது இன்னும் சுலபம். நான் பயப்படுவது இந்தச் சுழலுக்குத்தான்.

அப்படியென்றால் சைக்கிளை மொத்தமாகத் தடை செய்யச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. லாரியும் பேருந்தும் உரசிக்கொண்டு போகும் சாலையில் பத்து வயதுப் பிள்ளையை இறக்கிவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. தங்குவிடுதியிலிருந்து வேலையிடத்துக்குப் பழைய சைக்கிளில் போகும் நம் ஊர்த் தம்பிகளையும், உணவு விநியோகம் செய்கிறவர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். மின்ஸ்கூட்டர் தடைக்குப் பிறகு பல விநியோகிப்பாளர்கள் சைக்கிளுக்கு மாறினார்கள், ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களை மட்டும் வில்லன்களாக்கிப் பேசுவது அநியாயம்.

வேறு சில நாடுகள் வயதைப் பார்க்கின்றன. ஜெர்மனியில் எட்டு வயது வரை பிள்ளைகள் சாலையில் ஓட்டாமல் நடைபாதையில் ஓட்ட வேண்டும், பத்து வயது வரை ஓட்டலாம். ஜப்பானில் 13 வயதுக்குட்பட்டவர்களுக்கும் 70ஐத் தொட்டவர்களுக்கும் அனுமதி உண்டு, அதுவும் மெதுவாக. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது பார்ப்பதில்லை, 1835ஆம் ஆண்டுச் சட்டமே இன்னும் நடைபாதையில் ஓட்டுவதைத் தடுக்கிறது. எனக்கு ஜப்பான் வழி பிடித்திருக்கிறது. சாலையில் ஓட்டத் தெம்பில்லாதவர்களுக்கு நடைபாதை அடைக்கலம் தரட்டும். வேகமாகப் போக வேண்டிய திடகாத்திரமானவர்கள் சாலைக்கோ சைக்கிள் பாதைக்கோ போகட்டும். சைக்கிள் பாதையே இல்லாத இடத்தில் அவர்களும் நடைபாதைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றால், ஆளைக் கடக்கும்போது ஆள் நடக்கிற வேகம், அதற்கு மேல் கூடாது.

ஓட்டுகிறவர்களே, முன்னால் போகிறவர் தலை நரைத்திருந்தால் மணியை நம்பாதீர்கள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, "எக்ஸ்கியூஸ் மீ அங்கிள்", "ஆன்ட்டி, வலப்பக்கமா வர்றேன்" என்று வாயால் சொல்லுங்கள். மனிதக் குரல் மணியைவிட நன்றாகக் கேட்கும், திடுக்கிடவும் வைக்காது. அவர் ஒதுங்கி நின்ற பிறகு கடந்து போங்கள். பேருந்து நிறுத்தத்தில், லிஃப்ட் வாசலில், கூரையிட்ட நடைபாதையின் வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அரை நிமிடம்தான் ஆகும். கார் நிறுத்துமிடத்தின் வாசலை நடைபாதையிலிருந்து வேகமாகக் கடக்காதீர்கள், வெளியே வரும் கார்க்காரர் நடந்து வருபவரைத்தான் எதிர்பார்ப்பார், அங்கே அடிபடப் போவது நீங்கள்.

நடக்கிற பெரியவர்களுக்கும் ஒன்று. பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள், ஒதுங்கவும் பாயாதீர்கள். அப்படியே நில்லுங்கள், கால்களைச் சற்று அகற்றி வையுங்கள், தடி இருந்தால் ஊன்றிக்கொள்ளுங்கள். நிற்கிற ஆளைச் சுற்றிக்கொண்டு போவது சைக்கிள்காரருக்குச் சுலபம், எந்தப் பக்கம் பாய்வார் என்று தெரியாதவரைத்தான் தவிர்க்க முடியாது. வீட்டில் இதைப் பழக்கியும் பார்க்கலாம், நான் சிகிச்சை அறையில் பின்னால் நின்று கை தட்டித்தான் பழக்குகிறேன்.

விழுந்துவிட்டால் உடனே அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகவோ பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தோ தெரிந்தால், இடுப்பு வலிக்கிறது என்றால், படுத்தபடியே வைத்து ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையை இடித்துக்கொண்டால், நன்றாகப் பேசினாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயே ஆக வேண்டும், மூளைக்குள் கசிவு சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரும். சைக்கிள் ஓட்டியவர் நிற்க வேண்டும், உதவ வேண்டும், தன் விவரத்தைக் கொடுக்க வேண்டும், இது சட்டமே கேட்பதுதான். நம் பெரியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு "ஒண்ணுமில்ல தம்பி, நீ போ" என்று சொல்லத்தான் செய்வார்கள். போய்விடாதீர்கள். அவர் எழுந்து நாலு எட்டு நடக்கிறாரா என்று பாருங்கள், வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கொடுங்கள், ஆள் வரும்வரை பக்கத்தில் இருங்கள்.